அருள்ராணியின் தோள் அளவு

கல்யாணத்தன்று பதினாலரை அங்குலம் இருந்த அருள்ராணியின் தோள் அகலம் பத்தொன்பது வருஷத்தில் ஆறே முக்கால் அங்குலமாகக் குறைந்துவிட்டது. உயரம் அப்படியேதான் இருந்தது. வேளாவேளைக்குப் பசித்தது, காய்ச்சல் தலைவலி என்று ஒருநாளும் படுத்ததில்லை. இலுப்பூரில் லேடீஸ் டெய்லர் கடை வைத்திருக்கும் ஷீபாவின் அளவு நோட்டில் இது வருஷவாரியாக, நீலப் பேனாவில் எழுதப்பட்டிருக்கிறது. சந்தேகப்படுகிறவர்கள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். ஷீபா நோட்டைக் காட்டுவாள், கூடவே நாலு வார்த்தை திட்டியும் அனுப்புவாள்.

ஊர், ஆவூருக்குத் தெற்கே இருக்கும் சூசைபுரம். அருள்ராணி அங்கே மரிய அந்தோணிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தது 2004 மே மாதத்தில். கோயில் மண்டபத்தில் நடந்த வரவேற்பில், எங்கள் மேல்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர் சூர்யநாராயணன் வாழ்த்திப் பேசினார். திருமயம் பக்கத்து வியாபாரக் குடும்பத்தில் பிறந்து, கடைக்குப் போகாமல் இங்கிலீஷ் படித்தவர். மைக் கையில் கிடைத்தால் இருபது நிமிஷத்துக்குக் குறைந்து கொடுக்கமாட்டார். அட்ஜஸ்ட் என்கிற ஆங்கிலச் சொல்லுக்குள்ளே ஜஸ்ட் என்று ஒரு சொல் உட்கார்ந்திருக்கிறது, ஜஸ்ட் என்றால் நியாயம், ஆகவே அட்ஜஸ்ட் செய்துபோகிற பெண் நியாயத்தை நோக்கி நடந்துபோகிறாள் என்றார். மண்டபமே கைதட்டியது. அர்த்தம் புரிந்து தட்டியவர்கள் பத்துப் பேர் இருந்தால் அதிகம், மற்றவர்கள் பந்தி ஆரம்பிக்கப்போகிறது என்று தட்டினார்கள். அடுத்த நிமிஷம் போட்டோக்காரர் கேமராவிலிருந்து தலையைத் தூக்கி, "பொண்ணு கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா, மாப்பிள்ளையோட அண்ணன் நிக்கட்டும்" என்றார். அருள்ராணி "பரவால்லங்க" என்று ஒதுங்கினாள். ஒரு தையல் நூல் கனத்துக்கு அவள் தோள் குறைந்தது அப்போதுதான். மாப்பிள்ளையின் அண்ணன் ஆரோக்கியதாஸ் வந்து நடுவில் நின்றார். ஆல்பத்தில் இன்றைக்கும் அவர்தான் மாப்பிள்ளை மாதிரி இருக்கிறார்.

அந்த வார்த்தை எங்கள் பக்கம் வந்த கதையைச் சொல்லவேண்டும். முதலில் அது மிஷன் பங்களாவின் சுவர்க் கடிகாரத்தோடு வந்தது. முள் பின்தங்கினால் வெள்ளைக்காரச் சாமியார் ஸ்டூல் போட்டு ஏறி அட்ஜஸ்ட் பண்ணுவார், அவ்வளவுதான் அதற்கு வேலை. பிறகு சைக்கிள் கடைக்குப் போய் பிரேக் கட்டையைத் திருகியது. மெக்கானிக்கிடம் போய் கிளட்ச் கேபிளைத் திருகியது. கூரைமேல் ஏறி டிவி ஆன்டெனாவைத் திருப்பியது. பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார் லீவு போட்டால் இன்னொரு வாத்தியார் அவருடைய வகுப்பில் போய்த் தூங்குவதற்கு அட்ஜஸ்ட்மென்ட் என்று பெயராயிற்று. பந்தியில் ரசம் தீர்ந்துபோனால் அட்ஜஸ்ட். தாலுகா ஆபீசில் மூன்று வருஷமாக ஃபைல் நகராவிட்டால் அதுவும் அட்ஜஸ்ட். மினிபஸ் வந்தபிறகு, மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆள் இடுப்பைச் செருகுவதற்கு அதுவே பெயராகிவிட்டது. கடிகாரத்தையும் கேபிளையும் திருகிக்கொண்டிருந்த வார்த்தை இப்படியாக ஆளைத் திருக ஆரம்பித்தது. ஒன்றைக் கவனிக்கவேண்டும். இத்தனை வருஷத்தில், "இரு, நான் அட்ஜஸ்ட் பண்ணிக்கிறேன்" என்று தானாக முன்வந்து சொன்ன ஆம்பளை ஒருத்தனைக்கூட எங்கள் ஊரில் நான் பார்த்ததில்லை. எப்போதுமே அது எதிராளிக்குச் சொல்கிற வார்த்தை. அந்த எதிராளி பெரும்பாலும் சேலை கட்டியிருப்பாள்.

மரிய அந்தோணி கல்யாணமான நாலாம் மாதம் குவைத்துக்கு டிரைவர் வேலைக்குப் போனான். வீடு அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. பொது என்பதற்கு எங்கள் ஊரில் அண்ணனுடையது என்று அர்த்தம். ஆரோக்கியதாஸ் கோயில் பங்குப் பேரவையில் செயலாளர். மனைவி தவறிப்போனவர் என்பதால் ஊரில் ஒரு அனுதாபமும் உண்டு, அதை அவர் வீணாக்கியதில்லை. முதலில் அருள்ராணியின் கட்டில் ஹாலுக்கு வந்தது, அவருக்கு முதுகுவலி. பிறகு பீரோவில் அவளுடைய தட்டு போனது, அவர் மகன் மெல்வினுடைய கிரிக்கெட் சாமான்களுக்கு. பிறகு சாப்பாட்டு மேஜையில் அவளுடைய நாற்காலி. ஒவ்வொரு தடவையும் அவர் அதட்டியதே கிடையாது, பாசமாகத்தான் கேட்பார். குவைத்திலிருந்து மரிய அந்தோணியும் வாரம் ஒருமுறை போனில் அதையே சொல்வான். "அண்ணன்ட்ட நான் என்னத்தச் சொல்ல, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்க." போனில் சொன்னாலும் அந்த வார்த்தை வேலை செய்தது, ஒரு நூல் குறைந்தது. கடைசி நாலு வருஷமாக அருள்ராணி சமையலறைக்கும் பாத்ரூமுக்கும் நடுவே இருந்த ஒன்றரையடிச் சந்தில் பாய் விரித்துப் படுத்தாள். அவளுக்கு அது தாராளமாக இருந்தது.

ஊருக்கு அவள்மேல் நல்ல மதிப்பு. பொறுமைசாலி என்று பிரசங்கத்திலேயே இரண்டு தடவை பேர் வந்தது. சௌகரியமாகவும் இருந்தாள். பீரோவுக்குப் பின்னால் கம்மல் விழுந்தால் அவளைக் கூப்பிடுவார்கள். கோயிலில் புனிதர்களின் சுரூபங்களுக்குப் பின்னால் ஒட்டடை அடிக்க அவளால்தான் முடியும். மினிபஸ்ஸில் அவளுக்குச் சீட்டே தேவையில்லை என்று கண்டக்டர் முடிவு செய்துவிட்டார், இரண்டு சீட்டுக்கு நடுவே நிறுத்திவைத்துக்கொள்வார். திருச்சியில் பெரிய டாக்டர் ஒருவர் ஸ்கேன் எடுத்துப் பார்த்து எல்லாம் நார்மல் என்றார். அப்படியும் அவள் எழுந்துபோகாமல் உட்கார்ந்திருந்ததால், இதோட அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டு வாழப் பழகிக்கங்கம்மா என்றார். அங்கேயும் ஒரு நூல் போனது. யாருக்கும் பெரிய ஆச்சரியமில்லை என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அருள்ராணியின் அம்மா பிரகாசியம்மாளை 2011இல் ஒன்பது அங்குல அகலப் பெட்டியில்தான் அடக்கம் செய்தோம். தச்சர் அளவைக் கேட்டுவிட்டு, கொழந்தைக்கா என்று இரண்டு தடவை கேட்டார். பிரகாசியம்மாள் கடைசிவரை இருந்தது அவள் மகன், அருள்ராணியின் தம்பி ராபின் வீட்டில். ஒரு பலகை மிச்சம் என்று ராபின் அன்றைக்குச் சொன்னதைக் கேட்ட காதுகள் ஊரில் இன்னும் இருக்கின்றன.

அருள்ராணியின் நூல்கள் எங்கே போயின என்பதும் ரகசியமில்லை. ஆரோக்கியதாஸ் ராத்திரி இரண்டு சப்பாத்திதான் சாப்பிடுவார், ஆனாலும் வருஷத்துக்கு வருஷம் அகன்றுகொண்டே போனார். நாற்பது சைஸ் சட்டை போட்டவர் ஐம்பத்திரண்டுக்கு வந்தார். மூன்று பேர் உட்காரும் சோபாவில் அவர் உட்கார்ந்தால் ஒரு பூனைக்குத்தான் இடம் மிச்சம். கடவுள் கொடுத்த உடம்பு என்று அவர் சொல்லிக்கொண்டார்.

கணக்கைக் கண்டுபிடித்தவள் ஷீபா. 2023 ஜூலையில் ஒருநாள் மினிபஸ்ஸில் அருள்ராணி பக்கத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள், வழக்கம்போல் கழுத்தில் இன்ச் டேப். நாலாவது ஆளை ஏற்ற கண்டக்டர் அந்த வார்த்தையைச் சொன்னார். ஷீபா சட்டென்று டேப்பை அருள்ராணியின் தோளில் வைத்துப் பார்த்தாள், ஒன்றும் ஆகவில்லை. அருள்ராணி பரவால்லண்ணே என்றாள். டேப் ஒரு நூல் தொங்கியது. வார்த்தை பாதிதான் அறுக்கிறது, மீதியை இவள் பதில்தான் அறுக்கிறது என்று ஷீபாவுக்குப் புரிந்துபோயிற்று.

"அக்கா, அந்தப் பரவால்லைய மட்டும் சொல்லாதீங்க. வாய மூடிக்கிட்டு இருங்க, போதும்."

"பத்தொம்பது வருசமா சொல்லிப் பழகுன வாய் ஷீபா. தூக்கத்துல கூட அதான் வருது."

"அப்ப தேஞ்சே போகப் போறீங்களா?"

"எனக்கு இனிமே என்ன இருக்கு. பிரின்சிய இன்னும் யாரும் கேக்கல. அவளக் கேக்க வாரப்ப எல்லாம் நான் முந்திக்கிருவேன். அவளுக்கும் சேத்து நானே பரவால்லன்னு சொல்லிருவேன்."

பிரின்சி அவளுடைய ஒரே மகள். பதினெட்டு வயது, திருச்சியில் நர்சிங் சேர்ந்து, வீட்டிலிருந்தே போய்வந்துகொண்டிருந்தாள். ஷீபா அன்றைக்குக் கடைக்குப் போனதும் நோட்டைப் புரட்டினாள். அம்மாவின் தோள் குறைந்ததில் ஏறக்குறைய பாதி, மகள் பிறந்தபிறகு மகள் பேரில் குறைந்தது. மகளுடைய அளவு பதினாலரை, ஒரு நூல் குறையாமல். ஷீபா எனக்கு இதைச் சொன்னபோது கத்தரிக்கோலை மேஜைமேல் அடித்து அடித்துச் சொன்னாள். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை என்பதையும் எழுதிவைக்கிறேன்.

இதற்கிடையே ரிட்டையர் ஆகியிருந்த சூர்யநாராயணன் ஒரு தலையணை கனத்துக்கு அகராதி வாங்கியிருந்தார். வேலையிலிருந்த முப்பத்தைந்து வருஷத்தில் வாங்காததைப் பொழுதுபோகாமல் வாங்கினார். அதில் அந்தச் சொல்லின் பூர்வீகத்தைப் பார்த்தபோது அவருக்கு வியர்த்துவிட்டது. நியாயத்துக்கும் அதற்கும் ரத்த சம்பந்தமே இல்லையாம். லத்தீனில் பக்கத்தில், அருகில் என்று அர்த்தமுள்ள ஒரு சொல்லிலிருந்து பிறந்து, பிரெஞ்சுக்காரன் வீட்டில் வளர்ந்ததாம். பார்க்க ஜாடையாக இருக்கிறதே என்று நடுவில் யாரோ நியாயத்தைக் கொண்டுவந்து ஒட்டிவிட்டார்களாம். மனிதர் நேர்மையானவர் என்று தன்னை நினைத்துக்கொள்கிறவர். அதனால் அருள்ராணியை வழியில் நிறுத்தி, அகராதியை விரித்து, தன் 2004 வாழ்த்துரையில் ஒரு சிறு திருத்தம் உண்டு என்றார். பார்க்காமல் பேசிய ஒரு பேச்சுக்கு ஏழே முக்கால் அங்குலம் கொடுத்துவிட்டு நின்றவளிடம் சிறு திருத்தம் என்று சொல்ல அவருக்கு நாக்கு கூசவில்லை. அருள்ராணி ஒன்றுதான் கேட்டாள்.

"அப்ப அதுக்கு மொத அர்த்தம் என்னங்க சார்?"

"பக்கத்துல கொண்டாந்து வைக்கிறதும்மா. பக்கத்துல வந்து உக்கார்றதுன்னு வச்சுக்கயேன்."

அவள் சரிங்க சார் என்று போய்விட்டாள். அவர் அகராதியை மூடிக்கொண்டு, மனபாரம் இறங்கி, காபி குடிக்கப் போனார்.

செப்டம்பர் மாதம் மெல்வினுக்கு நிச்சயம் வைத்தார்கள். பெண் மணப்பாறைப் பக்கம், பெயர் ஃபெமினா. பெண் வீட்டார் முப்பது பேர் ஹால் முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். வீட்டில் அருள்ராணி குடும்பத்துக்கென்று மிச்சமிருந்தது ஒரே ஒரு அறை, பிரின்சி படிப்பதும் படுப்பதும் அதில்தான். மாப்பிள்ளை பெண்ணுக்குத் தனி ரூம் உண்டா என்று பெண்ணின் தகப்பனார் கேட்டதும், ஆரோக்கியதாஸ் சோபாவில் இருந்தபடியே கையை விரித்து, இதோ இருக்கே என்று அந்த அறையைக் காட்டினார். பிறகு ஹாலில் நின்றிருந்த பிரின்சியைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் பாசம் இல்லையென்று யாராலும் சொல்லமுடியாது. "தங்கம், நீ அம்மாகூட அங்கிட்டு சந்துல படுத்துக்க. கொஞ்ச நாளைக்கு அட்ஜஸ்ட் பண்ணிக்கடா." முப்பது பேரும் பிரின்சியைப் பார்த்தார்கள். சந்து ஒன்றரை அடி. பெற்றவள் படுத்தது போக ஒரு பெண் மல்லாந்து படுக்க அதில் இடமில்லை, தேய்ந்தால்தான் உண்டு. பிரின்சி வளர்ந்த பிள்ளைதான், ஆனால் சபையில் என்ன சொல்வாள்? "பரவா" வரைக்கும் வந்துவிட்டாள்.

அருள்ராணி காபித் தட்டை அப்படியே தரையில் வைத்தாள். முப்பது பேருக்கு நடுவே பக்கவாட்டில் நுழைந்து வந்தாள், அவளுக்கு வழிவிட யாரும் எழவேண்டியிருக்கவில்லை. சோபாவில் ஆரோக்கியதாசுக்கும் கைப்பிடிக்கும் நடுவே ஒரு சாண் இடம் இருந்தது. அதில் போய் உட்கார்ந்தாள். பத்தொன்பது வருஷத்தில் அந்த சோபாவில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. மகளை நிமிர்ந்து பார்த்து, "நீ வாய மூடு" என்றாள். பிறகு பக்கத்தில் திரும்பினாள்.

"மச்சான், நீங்க கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க."

ஆரோக்கியதாஸ் முதலில் திரும்பிப் பின்னால் பார்த்தார். யாரையோ சொல்கிறாள் என்று நினைத்துவிட்டார். ஐம்பத்தெட்டு வயதுவரை அந்த வார்த்தை அவரைப் பார்த்து வந்ததில்லை, அதனால் அதற்கு என்ன செய்யவேண்டும் என்றும் அவருக்குத் தெரியவில்லை. முப்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பேரவைச் செயலாளர் வேறு. "அதுக்கென்னம்மா, பரவால்ல" என்று சொல்லி அரை அங்குலம் நகர்ந்தார். துணி கிழிகிற மாதிரி சின்னதாக ஒரு சத்தம் கேட்டது. அவர் சட்டை தோளில் ஒரு நூல் தளர்ந்தது, அவளுடைய ஜாக்கெட் தோளில் ஒரு நூல் இறுகியது. அருள்ராணி தன் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு மறுபடியும் சொன்னாள். தாம்பூலம் மாற்றி முடிவதற்குள் ஒன்பது தடவை சொன்னாள். ஆரோக்கியதாஸ் சோபாவின் அந்தக் கோடிக்குப் போய், அங்கிருந்து பிளாஸ்டிக் நாற்காலிக்குப் போனார். மரியாதைக்காரர், ஒன்பது தடவையும் பரவால்ல என்றார். கடைசியில் பெண்ணின் தகப்பனாரிடம் அருள்ராணியே சொன்னாள். "ரூம் எம்புள்ள படிக்கிற ரூமுங்க. மாடியில ஒண்ணு இருக்கு, பழைய பேப்பரா அடைஞ்சு கெடக்கு. தூத்தா ஆச்சு." இடமில்லை இடமில்லை என்று பத்தொன்பது வருஷம் சொன்ன வீட்டில் ஒரு மாடி அறை இருந்தது அன்றைக்குத்தான் எல்லாருக்கும் ஞாபகம் வந்தது.

அதற்குப் பிறகு அவள் ஓயவில்லை. அந்த வார்த்தையைக் கையில் எடுத்துக்கொண்டாள். கண்டக்டரிடம் சொன்னாள், அவர் தன் சீட்டைக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டு வந்தார். போனில் மரிய அந்தோணியிடம் சொன்னாள், குவைத்தில் அவனுடைய யூனிபார்ம் தொளதொளத்தது. மெல்வின் கல்யாணத்தன்று போட்டோக்காரர் ஃபெமினாவைப் பார்த்து அதே பழைய பாட்டை ஆரம்பித்தபோது, அருள்ராணி அவளுடைய இடுப்பில் கிள்ளினாள். ஃபெமினா வாயை மூடிக்கொண்டு இடத்திலேயே நின்றாள், ஆரோக்கியதாஸ் ஓரமாக வந்தார். ஊரில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. முன்பெல்லாம் எப்படி இருந்தாள், பீரோவுக்குப் பின்னால் இனி யார் போவது என்று வருத்தப்பட்டார்கள். பிரசங்கத்தில் அவள் பேர் வருவது நின்றது. சூர்யநாராயணன் மட்டும் தன் திருத்தம் வேலை செய்ததாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். பதினாலு மாதத்தில், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று நூலாக, எல்லாம் திரும்பி வந்தது. ஆரோக்கியதாஸ் பழைய நாற்பது சைஸ் சட்டைக்கு வந்தார். வேறொரு கேடும் அவருக்கு வரவில்லை, முதுகுவலிகூடப் போய்விட்டது என்று கேள்வி.

2024 நவம்பரில் கிறிஸ்துமஸ் ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க அருள்ராணி கடைக்கு வந்தாள். ஷீபா டேப்பை வைத்துப் பார்த்தாள், பதினாலரை. இன்னொரு தடவை வைத்தாள், அதே பதினாலரை. நோட்டில் எழுதி அடியில் இரண்டு கோடு போட்டாள்.

"அவ்வளவுதாங்க்கா. வந்திருச்சு. போதும்ல?"

"எனக்குப் போதும். அடுத்த பக்கத்துல எங்க ஆத்தா பேர எழுது."

ஷீபா நிமிர்ந்து பார்த்தாள். அருள்ராணி சிரிக்கவில்லை. ஷீபா பக்கத்தைத் திருப்பி, பிரகாசியம்மாள் என்று எழுதி, தோள் என்ற இடத்தில் ஒன்பது என்று போட்டாள். எவ்வளவு இருந்தது என்று கேட்டதற்கு அருள்ராணி, என்னைவிட ஒரு விரக்கடை அகலம், என்னைத் தோளில் வைத்துத்தான் ஆவூர் தேர் காட்டினாள் என்றாள். சொல்லும்போது அழுதுவிட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பூசை முடிந்ததும் அவள் தம்பி ராபின் வீட்டுக்குப் போனாள். ராபின் அகலமாக, ஊஞ்சல் முழுக்க உட்கார்ந்திருப்பான். பக்கத்தில் போய் உட்கார்ந்து, "தம்பி, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்க" என்பாள். அவன் பரவால்லக்கா என்று நகர்வான். அவளுடைய தோளில் ஒன்றும் ஏறாது. ஒரு தடவையோடு அவள் விட்டதுமில்லை. ஒரு வருஷம் ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் போனாள், மழை பெய்த ஞாயிறும் போனாள்.

2025 நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாளன்று, மெழுகுவர்த்தியும் சாமந்தியும் எடுத்துக்கொண்டு எல்லாரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். பிரகாசியம்மாளின் சிமெண்ட் மேடை அகன்றிருந்தது. அதற்கு இடம்விட்டு, இரண்டு பக்கத்துக் கல்லறைகளும் ஆளுக்குக் கொஞ்சம் தள்ளிக் கிடந்தன. வலது பக்கம் கிடப்பவர் பிரகாசியம்மாளின் புருஷன். ஷீபா குனிந்து டேப்பை வைத்து அளந்து, நோட்டில் எழுதிக்கொண்டாள். சாமியார் வந்து வழக்கம்போல் மந்திரித்து, தீர்த்தம் தெளித்துவிட்டு அடுத்த கல்லறைக்குப் போனார். போன வருஷம் வாங்கின அளவுக்கே வாங்கியிருந்ததால் பூ மட்டும் கொஞ்சம் போதவில்லை, பிரின்சி போய் இன்னும் நாலு முழம் வாங்கி வந்தாள்.